லாயத்துக்கு வந்த கடிதங்கள்

போன இதழில் டி. வெய்ன் லூகாஸ் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அமெரிக்கப் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர், 2025 ஜூன் 28-ல் 89 வயதில் இறந்துபோனவர். இறப்பதற்கு எட்டு வாரம் முன்புகூட கென்டக்கி டெர்பியில் அவருடைய குதிரை ஒன்று ஓடியது என்றும் எழுதியிருந்தேன். ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேர் "பெயர் போடாதீர்கள், ரேஸ் பற்றி எழுதினேன் என்று தெரிந்தால் வீட்டில் வம்பு" என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

கேள்வி (பொள்ளாச்சி): செத்துப்போனால் எல்லாரும் மகானா சார்? லூகாஸ் குதிரைகளை ஓய்வில்லாமல் ஓட்டியவர் என்று ஒரு காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளே திட்டினவே. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

பதில்: ஒரு வரி இருந்தது, பக்கம் பத்தாமல் நானே வெட்டினேன். வெட்டியிருக்கக் கூடாது. சரி, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மூன்று பெரிய பந்தயங்கள்: கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட். மூன்றுக்கும் சேர்த்து டிரிபிள் கிரவுன் என்று பெயர், ஒரே வருஷத்தில் மூன்றையும் ஜெயிக்கிற குதிரைக்குத்தான் அந்தக் கிரீடம். 1993-ல் பிரீக்னஸ் பந்தயத்தில் லூகாஸின் யூனியன் சிட்டி என்ற குதிரை ஓடும்போதே கால் உடைந்து நின்றது, கருணைக்கொலை செய்தார்கள். இந்தக் குதிரையை இந்தப் பந்தயத்தில் இறக்கியே இருக்கக் கூடாது என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. அதற்கு முன்பே அவர்மேல் எரிச்சல் இருந்தது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் பல ஊர்களில் லாயம் வைத்து, எந்த ஊரில் பெரிய பரிசோ அங்கே விமானத்தில் குதிரையை இறக்கி, பரிசை வாங்கிக்கொண்டு மறுநாள் கிளம்பிவிடுவார். 'டி. வெய்ன் ஆஃப் தி பிளேன்' என்று ஒரு பட்டப்பெயர். நல்ல கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, பேச்சில் கொஞ்சமும் தயக்கம் கிடையாது. பரம்பரையாகக் குதிரை வளர்க்கிற கென்டக்கிக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் இவர் விஸ்கான்சினில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அப்புறம் குவார்ட்டர் ஹார்ஸ் என்கிற குறுகிய தூரப் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர், 1978-ல்தான் முழுசாக இந்த நீண்ட தூரப் பந்தயங்கள் பக்கம் வந்தார். வந்து இரண்டே வருஷத்தில், 1980-ல், பிரீக்னஸ் ஜெயித்தார்.

1994 பிரீக்னஸ் தொடங்கி 1996 டெர்பி வரை டிரிபிள் கிரவுன் பந்தயங்கள் வரிசையாக ஆறு. ஆறும் அவருடையவை. வேறு எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அந்த வருஷங்களில் அவரை யாரும் 'பெரியவர்' என்று சொல்லவில்லை. 2000 பெல்மான்ட்டுக்கு அப்புறம் அடுத்த டிரிபிள் கிரவுன் பந்தய வெற்றி 2013-ல்தான், ஆக்ஸ்போ என்ற குதிரையால் வந்தது. நடுவில் பதின்மூன்று வருஷம். பணக்கார முதலாளிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள், இல்லை விலகினார்கள், லாயம் சுருங்கியது. அந்த வருஷங்களில்தான் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. இது என் கணக்கு, ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதலாம்: அவர் பெரிதாக மாறவில்லை, தோற்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். எண்பது வயதுக்கு மேல் விடியற்காலை இருட்டில் கௌபாய்த் தொப்பியோடு குதிரைமேல் ஏறி, தன் குதிரைகளைத் தானே களத்துக்குக் கூட்டிப்போகிறவரை எப்படித் திட்டுவது? அதனால் யூனியன் சிட்டியை மறந்தார்கள். நானும்தான் வெட்டினேன்.

கேள்வி (நாகர்கோவில்): அவரிடம் அப்படி என்னதான் புதுசு? குதிரை ஓடுகிறது, இவர் பார்க்கிறார்.

பதில்: சுத்தம். சிரிக்காதீர்கள். அவருடைய லாயத்துக்கு முன்னால் மண் தரையைச் சீப்பு போட்டு வாரியதுபோல் கோடு கோடாக வாரி வைத்திருப்பார்கள், குதிரை நடந்துபோன பிறகு மறுபடி வாருவார்கள். ஓரங்களில் வெள்ளைப் பெயின்ட், பூச்செடி. பக்கத்து லாயத்தில் சாணமும் வைக்கோலும் கலந்து கிடக்கும்போது இங்கே கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும். பணக்காரர் ஒருவர் குதிரை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தால் எந்த லாயத்தில் விடுவார், நீங்களே சொல்லுங்கள். அப்புறம் ஆட்கள். அவரிடம் உதவியாளராக இருந்து தனியாகப் போனவர்கள் ஒரு பெரிய பட்டாளம், டாட் பிளெட்சர் உட்பட. இன்றைக்கு அமெரிக்காவில் பெரிய பந்தயங்களில் ஓடும் பட்டியலைப் பார்த்தால் பாதி அவருடைய பள்ளிக்கூடம்தான்.

கூடைப்பந்து வாத்தியார் என்று கேலி செய்தார்களே, அதுதான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி (திருச்சி): மகனை இடித்துத் தள்ளிய குதிரையையே அவர் பந்தயத்தில் ஓட்டினார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? எப்படி மனசு வந்தது?

பதில்: உண்மை. 1993 டிசம்பர், கலிஃபோர்னியாவில் சாண்டா அனிட்டா ரேஸ் மைதானம். டபாஸ்கோ கேட் என்ற இரண்டு வயதுக் குதிரை பிடியிலிருந்து விடுபட்டு லாய வரிசையில் ஓடி வந்தது. ஜெஃப் லூகாஸ், வெய்னுடைய ஒரே மகன், அப்பாவின் தொழிலில் வலது கை. ஓடி வருகிற குதிரைக்கு எதிரே நின்று இரண்டு கையையும் விரித்துத் தடுப்பது லாயத்தில் எல்லாரும் செய்கிற காரியம், பெரும்பாலும் குதிரை ஒதுங்கும் அல்லது நிற்கும். இது இரண்டும் செய்யவில்லை. ஜெஃப் தூக்கி எறியப்பட்டுத் தலை தரையில் மோதியது. வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்தார், ஆனால் மூளைக் காயம் கடைசிவரை போகவில்லை. 2016-ல் இறந்தார்.

விபத்து நடந்து ஐந்தே மாதத்தில் அதே குதிரை பிரீக்னஸ் ஜெயித்தது, மூன்று வாரம் கழித்து பெல்மான்ட்டும் ஜெயித்தது. நான் மேலே சொன்ன ஆறு வெற்றியில் முதல் இரண்டு இவைதான்.

மனசு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நம் ஊரில் மாடு முட்டிவிட்டால் சிலர் அன்றைக்கே சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள், சிலர் "அது வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்" என்று புல்லைப் போடுவார்கள். அவர் இரண்டாவது வகை. போதாததற்கு அது வேறு ஆட்களுக்குச் சொந்தமான குதிரை, அதில் அவருக்குப் பங்கு இருந்ததோ இல்லையோ, பொறுப்பு இருந்தது. தினமும் காலையில் அந்தக் குதிரை முகத்தில் முழித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அதற்கு மேல் நான் ஒன்றும் கற்பனை பண்ண விரும்பவில்லை.

கேள்வி (சேலம்): பாப் பாஃபர்ட் ஊக்கமருந்துப் பேர்வழியா, இல்லை பொறாமையில் பிடித்துவிட்டார்களா? 21 பிக்கோகிராம் என்கிறார்கள். அது ஒரு அளவா?

பதில்: இந்தக் கேள்வியை மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து.

தெரியாதவர்களுக்கு: பாஃபர்ட் இன்னொரு அமெரிக்கப் பயிற்சியாளர், 2015-ல் அமெரிக்கன் ஃபேரோ என்ற குதிரையை வைத்து முப்பத்தேழு வருஷம் யாரும் தொடாத டிரிபிள் கிரவுனைத் தொட்டவர், 2018-ல் ஜஸ்டிஃபையை வைத்து மறுபடியும் தொட்டவர். 2021-ல் அவருடைய மெடினா ஸ்பிரிட் டெர்பியில் முதலில் வந்தது. குட்டியாக இருக்கும்போது ஆயிரம் டாலருக்கு விற்ற குதிரை அது. பந்தயத்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து இருந்தது, ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று பிக்கோகிராம். பாஃபர்ட் முதலில் அந்த மருந்தை இந்தக் குதிரைக்குக் கொடுக்கவே இல்லை என்றார், இரண்டு நாள் கழித்து, தோல் அரிப்புக்குத் தடவிய களிம்பில் அது இருக்கிறது என்றார். 2022 பிப்ரவரியில் வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த மண்டலூனுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு 90 நாள் தடை. டெர்பி நடத்துகிற சர்ச்சில் டவுன்ஸ் தன் பங்குக்குத் தனியாகத் தடை போட்டு, அதையும் நீட்டி, 2024 ஜூலையில்தான் எடுத்தது.

அளவு சின்னதுதான். களிம்பு என்பதும் பிறகு செய்த சோதனையோடு ஒத்துப்போனது. ஆனால் கென்டக்கி விதிப்படி பந்தய நாளில் அந்த மருந்து எவ்வளவு இருந்தாலும் தப்பு, எந்த வழியாக உள்ளே போனாலும் தப்பு. குதிரை உடம்பில் என்ன இருந்தாலும் பயிற்சியாளர்தான் பொறுப்பு என்பது இந்தத் தொழிலின் ஆதி விதி. கடுமையாகத் தெரியலாம். அந்த மருந்து என்ன செய்யும் என்று பாருங்கள்: மூட்டு வீக்கத்தையும் வலியையும் அடக்கும். வலிக்கிற காலைக் குதிரை தானாகவே பார்த்து வைக்கும், வலி தெரியாத காலை முழு வேகத்தில் ஊன்றும். அப்புறம் அது உடையும்.

பாஃபர்ட் விஷயத்தில் எனக்குப் பிடிக்காதது அந்த 21 இல்லை. அதற்கு முந்தைய ஒரு வருஷத்திலேயே அவருடைய வேறு குதிரைகளிடம் வேறு வேறு மருந்துகள் பிடிபட்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் நம்பும்படியாகத்தான் இருந்தது. மொத்தமாகச் சேர்த்து வைத்தால் நம்ப முடியவில்லை. ஜஸ்டிஃபை உடம்பில் டெர்பிக்கு முன்பே ஸ்கோபோலமைன் என்ற மருந்து இருந்தது என்ற செய்தி 2019-ல்தான் வெளியே வந்தது, அதற்குச் சொன்ன விளக்கம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: வைக்கோலோடு ஊமத்தை இனச் செடி கலந்துவிட்டதாம். உண்மையாகவே இருக்கலாம், அந்தச் செடி கலிஃபோர்னியாவில் வேலியோரம் எல்லாம் முளைக்கிறது, அந்த நேரத்தில் வேறு சில லாயங்களின் குதிரைகளிலும் அது தெரிந்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் ரேஸ் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை போனது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நிஜமான மோசடிக்காரர்கள் வேறு. ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் என்று இரண்டு பயிற்சியாளர்கள் 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசின் ஊக்கமருந்து வழக்கில் மாட்டினார்கள். நவாரோவுக்கு ஐந்து வருஷம், சர்விஸுக்கு நாலு வருஷம் சிறை. அவர்களையும் பாஃபர்ட்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. மெடினா ஸ்பிரிட் 2021 டிசம்பரில் காலைப் பயிற்சி முடித்த கையோடு விழுந்து செத்தது. பிரேதப் பரிசோதனையில் திட்டமான காரணம் கிடைக்கவில்லை. இரண்டு கட்சியும் அதைத் தங்களுக்குச் சாதகமாகப் பேசுகிறார்கள். இரண்டும் தப்பு.

கேள்வி (தஞ்சாவூர்): மனுஷனுக்குக் கால் உடைந்தால் கட்டுப் போடுகிறோம். குதிரையை மட்டும் ஏன் கொல்கிறார்கள்? செலவு மிச்சம் பண்ணவா?

பதில்: சில நேரம் ஆமாம். பெரும்பாலும் இல்லை.

உங்கள் நடுவிரலை மேசைமேல் செங்குத்தாக, நகம் கீழே படும்படி ஊன்றிப் பாருங்கள். குதிரை நிற்பது அப்படித்தான், குளம்பு என்பது அந்த ஒற்றை விரலின் நகம். முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, எலும்பு, நரம்பு மாதிரி இழுத்துக் கட்டிய தசைநாண், மேலே தோல். அதன்மேல் நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. உடைந்தால் பல சமயம் சில்லு சில்லாக நொறுங்குகிறது, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது, ரத்த ஓட்டம் போய்விடுகிறது. சரி, ஆபரேஷன் செய்தாயிற்று. குதிரையை மாதக்கணக்கில் படுக்க வைக்க முடியாது, அதன் உடம்பு அதைத் தாங்காது. நின்றால் பாரம் முழுக்க மற்ற மூன்று காலில். அந்தக் கால்களில் குளம்புக்குள் அழற்சி வந்து குளம்பே கழன்றுவிடும்.

பார்பரோ என்ற குதிரை 2006 டெர்பியை ஆறரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தது, இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸில் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வலது பின்னங்கால் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. முதலாளிகளுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. தகடு வைத்தார்கள், திருகாணி போட்டார்கள், எட்டு மாதம் பார்த்தார்கள். உடைந்த கால் ஓரளவு கூடியும் வந்தது. மற்றக் கால்கள் போய்விட்டன. 2007 ஜனவரி 29-ல் கருணைக்கொலை செய்தார்கள்.

உடைந்த பிறகு கொல்வது கொடுமையில்லை என்பது என் கட்சி. உடையும் என்று தெரிந்தும் ஓட்டுவதுதான் கேள்வி. சாண்டா அனிட்டாவில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரையிலான பருவத்தில் முப்பது குதிரைகள் செத்தன, 2023-ல் சர்ச்சில் டவுன்ஸில் டெர்பியை ஒட்டிய வாரங்களில் பன்னிரண்டு. சாண்டா அனிட்டா சாவுகளுக்குப் பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு நாடு முழுமைக்கும் ஒரே விதி என்று வந்தார்கள், அதுவரை மாநிலத்துக்கு ஒரு சட்டம். ஜாக்கி சாட்டையை ஒரு பந்தயத்தில் ஆறு தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

கேள்வி (மதுரை): எங்கள் தாத்தா ரேஸில் ஒரு வீட்டையே விட்டவர். பாட்டி சாகும்வரை குதிரைப் படம் போட்ட காலண்டரைக்கூட வீட்டில் மாட்ட விடவில்லை. நீங்கள் இப்படி உருகி எழுதுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பதில்: நியாயமான எரிச்சல். தமிழ்நாட்டில் 1974-லேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள், வழக்கு நீண்டு 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கை, தூரம், எடை எல்லாம் படித்துக் கணிக்கிற விஷயம் என்பது வாதம். சட்டம் அப்படி. உங்கள் பாட்டியின் தீர்ப்பு வேறு, அதன்மேல் நான் அப்பீல் போக மாட்டேன்.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் கிராஞ்சி ரேஸ் மைதானத்தை மூடிவிட்டார்கள். உலகம் முழுக்க ரேஸ் சாகிறதா?

பதில்: கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5. 1842-ல் தொடங்கிய சங்கம். கலிஃபோர்னியாவில் ஹாலிவுட் பார்க் 2013-ல் போனது, கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ் 2024-ல். ஊர் வளர்கிறது, நிலத்தின் விலை குதிரையைவிட வேகமாக ஓடுகிறது. ஹாங்காங், ஜப்பான் பக்கம் போய்ப் பாருங்கள், சாகிற அறிகுறியே தெரியாது.

கேள்வி (கோயம்புத்தூர்): ட்ரெயினருக்கு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: தீவனம், ஆள் கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு இவ்வளவு என்று முதலாளியிடம் ஒரு தொகை. ஜெயித்தால் முதலாளிக்கு வரும் பரிசில் வழக்கமாகப் பத்து சதவீதம். 2024 பிரீக்னஸில் லூகாஸின் சீஸ் தி கிரே சேற்றில் முதல் அடியிலிருந்து முன்னால் ஓடி ஜெயித்தது, அப்போது அவருக்கு 88 வயது, முதல் பரிசு 12 லட்சம் டாலர். அந்தக் குதிரைக்கு முதலாளிகள் 2,570 பேர். ஒரு பங்கு 127 டாலர் என்று இணையத்தில் விற்றார்கள். அரபு ஷேக்கும் சர்க்கரை மில் முதலாளியும் நிற்கிற இடத்தில் அன்றைக்கு டாக்சி டிரைவரும் டீச்சரும் நின்று கத்தினார்கள். ஒரு காலத்தில் கோடீசுவரர்களுக்கு மட்டும் குதிரை வாங்கிக் கொடுத்தவருடைய கடைசி டிரிபிள் கிரவுன் பந்தய வெற்றி இப்படி முடிந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி (ஊட்டி): இந்த சீசனுக்கு ஒரு நல்ல டிப்ஸ் கொடுங்களேன்.

பதில்: மதுரைக் கடிதத்தை மறுபடி படியுங்கள்.

கேள்வி (காரைக்குடி, ஏழாம் வகுப்பு): தான் ஜெயித்தது குதிரைக்குத் தெரியுமா அங்கிள்?

பதில்: முன்னால் இன்னொரு குதிரை போகிறது, அதைத் தாண்ட வேண்டும் என்பது தெரியும்போலத்தான் இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஜாக்கிதான் எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்து, போதும்டா என்று சொல்ல வேண்டும்.

லூகாஸிடம் கரிஸ்மாட்டிக் என்று ஒரு குதிரை இருந்தது. 1999 பிப்ரவரியில் அதை 62,500 டாலர் விலைச்சீட்டு மாட்டி ஓட்டினார், அந்த வகைப் பந்தயத்தில் யார் வேண்டுமானாலும் அந்த விலையைக் கட்டிக் குதிரையை ஓட்டிக்கொண்டு போகலாம். யாரும் கட்டவில்லை. மே மாதம் அது டெர்பி ஜெயித்தது, அடுத்து பிரீக்னஸ், மூன்றாவது பெல்மான்ட்டும் ஜெயித்தால் டிரிபிள் கிரவுன். அதில் கடைசி நேர்கோட்டில் முன்னால் இருந்து பின்தங்கி மூன்றாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் கிறிஸ் ஆன்ட்லி என்ற ஜாக்கிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இழுத்து நிறுத்திக் குதித்து இறங்கி, அதன் இடது முன்னங்காலைத் தூக்கித் தரையில் படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். எலும்பு உடைந்திருந்தது. டாக்டர் வரும்வரை அப்படியே இருந்தார். அந்தக் குதிரை பிழைத்து, ஜப்பான்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, கென்டக்கியில் ஓய்வுபெற்ற குதிரைகளுக்கான பண்ணையில் 2017 வரை இருந்தது.